நான் வெட்டிய ஒரு முழம் ஃபிலிம்

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். எங்கே ர வரும், எங்கே ற வரும் என்பது இன்றுவரை எனக்குக் குழப்பம்தான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ரிப்பேருக்கு வரும் ஃபேனிலும் மிக்சியிலும் ஒட்டுகிற சீட்டுகள். 'காயில் போச்சு', 'புதன் வரவும்', அவ்வளவுதான். பிழை இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேச்சு எனக்கு இதைவிட மோசம். இரண்டு பேர் எதிரில் நின்றால் வாய் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிக்கொண்டதால் ஒரு தப்பு இரண்டு தப்பானது. தப்பு யாருக்குச் செய்யப்பட்டதோ அவர்களே எழுதித்தான் தர வேண்டும் என்று சொல்லிவிட்டதால் எழுதுகிறேன்.

பெரம்பலூரில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சந்தில் எனக்கு ரிப்பேர் கடை. அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் ஒரு சினிமா தியேட்டரில் ஆபரேட்டருக்குக் கீழே வேலை பார்த்தேன். தியேட்டர் இப்போது சிமெண்ட் மூட்டை அடுக்கும் குடோன். கேபினுக்குள் என் வேலை, ஓடி முடிந்த ரீலைத் திருப்பிச் சுற்றுவது, அறுந்ததை ஒட்டுவது, எண்ணெய் துடைப்பது. புரொஜெக்டர் எண்ணெய் குடித்து ஓடுகிற மிஷின். எங்காவது கசியும். கசிந்தது ஃபிலிமில் ஏறினால் திரையில் கதாநாயகி முகத்தில் பழுப்பாகப் புழு ஊர்வதுபோல் தெரியும். கீழேயிருந்து விசில் வரும். ஆபரேட்டர் என் மண்டையில் ஒரு தட்டு தட்டுவார். அதனால் ஃபிலிமில் எண்ணெய் என்றால் எனக்கு எப்போதும் கை பரபரக்கும்.

துடைக்கிற எந்த மருந்தையும் முதலில் ரீலின் வெளிமுனையில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது கேபின் வழக்கம். வெளிமுனையில் படம் இருக்காது. நம்பர் ஓடுகிற வெறும் துண்டுதான் இருக்கும். அது கெட்டாலும் நஷ்டமில்லை. இந்த வழக்கத்தை நான் ஒருநாளும் மீறியதில்லை. மீறாததால் வந்ததுதான் இவ்வளவும்.

போன ஆடி மாதம் தா.பழூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கடைக்கு வந்தார்கள். என்னைவிட நாலைந்து வயது குறைவு இருக்கும். சொந்த நிலத்தில் நெல் பயிரிடுகிறவர்கள். இரண்டு பஸ் மாறி, மடியில் ஒரு மஞ்சள் பையை வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். பைக்குள் பழைய வேட்டித் துணி, துணிக்குள் உள்ளங்கை அளவு வட்டத் தகர டப்பா. திறப்பதற்கு முன்பே வாடை வந்தது. பழைய நல்லெண்ணெய் சிக்குப் பிடித்த வாடை.

"நீங்கதான் சினிமா கொட்டாயில இருந்தவரா?"

"ஆமாங்க."

"இதுக்குள்ள எங்கம்மா இருக்காங்க. எடுத்துக் குடுக்க முடியுமாண்ணே?"

டப்பாவுக்குள் வீட்டில் எடுக்கிற சின்னப் படத்தின் ஃபிலிம் சுருள் இருந்தது. தியேட்டர் ஃபிலிம் இரண்டு விரல் அகலம். இது சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை. கறுத்து, ஓரமெல்லாம் பிசின் போல எண்ணெய் உறைந்து, ஒரு சுற்று அடுத்த சுற்றோடு ஒட்டியிருந்தது.

அவர்கள் சொன்ன விவரம் இது. அவர்களுக்குக் காது குத்தியபோது, சிங்கப்பூரிலிருந்து வந்த தாய்மாமன் கேமராவில் அதைப் படம் எடுத்திருக்கிறார். சில மாதங்களில் அம்மா காய்ச்சலில் இறந்துவிட்டார்கள். பிள்ளைக்கு அப்போது ஒன்றரை வயது. அம்மாவின் முகம் நினைவில்லை. இருந்த ஒரே கல்யாணப் போட்டோவைக் கரையான் தின்றுவிட்டது. சுமங்கலியாகப் போனவர் என்பதால் அம்மா அந்த வீட்டுத் தெய்வமான பூவாடைக்காரி ஆனார்கள். அவருடைய கூறைப்புடவை, சீப்பு, வளையல் எல்லாம் ஒரு மூங்கில் கூடையில் வைத்து, நடுவீட்டு விட்டத்தில் கட்டியிருக்கிறார்கள். மாமன் கொடுத்த டப்பாவும் அந்தக் கூடைக்குள் போனது. வருஷத்துக்கு ஒருநாள் ஆடி வெள்ளியில் கூடையை இறக்கிப் புதுப்புடவை வைத்துப் படைப்பார்கள்.

"டப்பால எப்படிங்க இவ்வளவு எண்ணெய் ஏறுச்சு?"

அவர்கள் கொஞ்சம் வெட்கப்பட்டார்கள். "நான்தாண்ணே வெப்பேன். வெவரம் தெரிஞ்ச நாளா வெக்கிறேன். அம்மா உள்ள இருக்காங்கன்னு சொன்னாங்களா, படைக்கிற அன்னிக்கி மூடி மேல ஒரு கை நல்லெண்ணெய் வெச்சுத் தேச்சு விடுவேன். தலைக்கு வெக்கிற மாதிரி."

நாற்பது வருஷத்துக்கும் மேல் ஒரு கை எண்ணெய், மூடி இடுக்கு வழியாக இறங்கியிருக்கிறது. டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க அத்தைக்கு எம்பத்தஞ்சு வயசுக்கு மேல ஆவுது," என்றார்கள். "அது ஒண்ணுதான் எங்கம்மாவக் கண்ணால பாத்த ஆளு. அது இருக்குறப்பவே படத்தப் பாத்தாத்தான் இதான் உங்கம்மான்னு கை காட்டும். அப்புறம் யாரு இருக்கா எனக்குச் சொல்ல?"

சரி என்று தலையாட்டினேன்.

அன்று மத்தியானம் கடையில் யாரும் இல்லாதபோது வேலையைத் தொடங்கினேன். வெளிச்சுற்றுதான் எண்ணெயில் அதிகம் ஊறியிருந்தது. நகம் படாமல் மெல்லப் பிரித்து, ஒரு முழம் அளந்து வெட்டினேன். வழக்கப்படி அதுதான் சோதனைத் துண்டு. அதை இரண்டாக நறுக்கினேன்.

ஒரு பாதியை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் போட்டேன். ஃபிலிமுக்குத் தண்ணீர் ஆகாது என்று தெரியும். ஆனால் எண்ணெய் கனமாக இருந்ததால் அதைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகாது என்று நினைத்தேன். கால் மணி நேரத்தில் மேல்பூச்சு கொழகொழவென்று கழன்று கிண்ணத்தின் அடியில் தங்கியது. கையில் வந்தது கண்ணாடி மாதிரி வெறும் பட்டை.

மறுபாதியை மண்ணெண்ணெயில் நனைத்து, பழைய வெல்வெட் துணியால் ஒரே திசையில் இழுத்தேன். பிசின் விட்டது. எண்ணெய் போய்விட்டதா என்று பார்க்க, கடிகாரக்காரர்கள் கண்ணில் செருகுகிற பூதக்கண்ணாடியை எடுத்து, டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தேன். மண்ணெண்ணெய்ப் படலம் நீலமும் மஞ்சளுமாக மினுங்கியது. அதையும் எடுத்துவிடலாம் என்று பெயிண்ட் கடைத் தின்னரைத் தொட்டுத் துடைத்தேன். தியேட்டருக்குக் கடைசிக் காலத்தில் வந்த பிரிண்டுகள் தின்னருக்கு அசையாது. இது பழைய ரகம். துணி பட்ட இடமெல்லாம் பால் போல வெளுத்துச் சுருண்டு, மேல்பூச்சு வெந்த தோல் போலச் சுருங்கியது. நான் விரலால் பிடித்திருந்த நுனி மட்டும் தப்பியது. ஒரு விரற்கடை இருக்கும்.

நல்லவேளை, வெறும் துண்டில் பார்த்தோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுருண்டதையெல்லாம் மேசைக்கு அடியில் ஒயர் வெட்டிப் போடும் டின்னில் போட்டேன்.

பிறகு நடந்த வேலையில் எனக்குக் குறை சொல்லத் தெரியாது. செல்போன் ரிப்பேர் செய்கிற கடைக்காரரிடம் சர்க்யூட் போர்டு துடைக்கிற ஸ்பிரிட்டு வாங்கினேன். தண்ணீர் கலக்காத ரகம். இன்னும் ஒரு விரல் நீளம் வெட்டிப் பார்த்தேன். படம் அசையவில்லை, எண்ணெய் மட்டும் துணிக்கு வந்தது. அந்தத் துண்டைத் திரும்பச் சுருளோடு ஒட்டினேன். பலகையில் இரண்டு ஆணி அடித்து, ஆணிக்கு ஒரு சுருளாக மாட்டி, நடுவில் ஒரு சாண் ஒரு சாணாக இழுத்துத் துடைத்தேன். சாணுக்கு ஒருமுறை துணியின் மடிப்பை மாற்றினேன். அழுக்கு மடிப்பு திரும்பப் பட்டால் எண்ணெயை எடுத்த இடத்திலேயே பூசுவதாகிவிடும். ஒட்டியிருந்த சுற்றுகளை இழுக்காமல், ஸ்பிரிட்டை ஒரு சொட்டு விட்டு, அது தானாக விடும்வரை காத்திருந்தேன். விரலில் எண்ணெய் இருக்கும் என்று பருத்திக் கையுறை போட்டேன். தலைக்கு எண்ணெய் வைப்பதைக்கூட அந்த நாட்களில் நிறுத்தினேன். ஆவணி முழுக்க இப்படிப் போனது. முடிந்தபோது சுருள் ஈரமில்லாமல் கலகலவென்று இருந்தது. வாடை இல்லை. இவ்வளவு நன்றாக நான் தியேட்டரில்கூட ஒரு வேலை செய்ததில்லை என்று நினைத்தேன்.

புரட்டாசி முதல் வாரம் அதைத் திருச்சிக்கு எடுத்துப் போனேன். சின்ன ஃபிலிமைக் கட்டம் கட்டமாகப் படம் பிடித்து பென் டிரைவில் போட்டுத் தருகிற ஸ்டூடியோ ஒன்று இருக்கிறது. அந்தத் தம்பி சுருளை மிஷினில் மாட்டி, கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னண்ணே, எல்லாரும் பின்னாடியே நடந்து போறாங்க?"

எனக்குப் புரியவில்லை.

"படத்தோட கடைசி வெளிய இருக்குண்ணே. ஓட்டிப் பாத்துட்டுத் திருப்பிச் சுத்தாம அப்படியே டப்பால போட்டிருக்காங்க. தியேட்டர்ல இருந்தேன்னு சொன்னீங்க?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஓடி முடிந்த ரீலைத் திருப்பிச் சுற்றுவதுதான் பதினெட்டு வருஷம் என் வேலை. யாரோ ஒருவர் திருப்பிச் சுற்றாமல் வைப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் வெட்டியது வெறும் துண்டு இல்லை, படத்தின் முடிவு.

"ஒரு முழம்னா எவ்வளவு நேரம் ஓடும் தம்பி?"

"ஏழு செகண்டு வரும்ணே. ஏன்?"

"ஒண்ணுமில்ல."

ஏழு விநாடிதானே, அதில் ஏதாவது ஆடோ மாடோ இருந்திருக்கும் என்று பஸ்ஸில் வரும்போது மனதைத் தேற்றிக்கொண்டேன். படத்தை முழுதாகப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சுருளும் பென் டிரைவுமாக அந்த அம்மாவின் ஊருக்குப் போனேன். ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறினேன். அத்தையை நாற்காலியில் டி.வி.க்கு நேராக உட்கார வைத்திருந்தார்கள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துக் கேட்டது: "ஏன்யா ஆபரேட்டரு, தரை டிக்கெட்டா சேர் டிக்கெட்டா நானு?"

"ஒனக்கு ஓசி டிக்கெட்டு. பேசாம பாரு அத்தை," என்றார்கள் அந்த அம்மா. எனக்குக் காபி கொடுத்தார்கள். அன்று தலை குளித்து, எண்ணெய் வைத்துப் பின்னி, பூ வைத்திருந்தார்கள்.

படம் ஓடியது. நிறம் அவ்வளவு நன்றாக இருந்தது. பந்தல், ஆட்டுக்கிடா, மாலையோடு ஒரு குழந்தை, ஆசாரி ஊசியோடு குனிவது, குழந்தை அழுவது. சத்தமில்லாத அழுகை. "அது நீதான்டி, அப்பவே ஊரக் கூட்டுனவ," என்றது அத்தை. செத்துப்போன ஆண்களையெல்லாம் அடையாளம் சொல்லிச் சிரித்தது. பெண்கள் வரும்போதெல்லாம் அந்த அம்மா அத்தையின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவங்களா?"

"இது பெரிய நங்கை, உனக்குப் பெரியம்மா."

"இந்தப் பச்சச் சீல?"

"அது அண்டை வூட்டுக்காரி. உங்கம்மா இனிமேதான் வருவா. அடுப்படியில கெடந்தா அன்னிக்கி. இம்புட்டு சனத்துக்கும் சோறாக்கணும்ல. கடைசில உன் மாமன்தான், ஒரு தடவை வெளிய வந்துட்டுப் போன்னு கத்துனான். வாசப்படில வந்து நிப்பா பாரு."

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

திரையில் வாசற்படி வந்தது. இருட்டுக்குள் ஏதோ அசைந்தது. நிலையைப் பிடித்தபடி ஒரு கை, வளையலோடு. டி.வி. கறுப்பானது.

"ம், போடுய்யா," என்றது அத்தை.

"அவ்வளவுதாங்க."

"அவ வரணுமேய்யா. அவ காரியத்தப்பதான்டி உன் மாமன் இந்தப் படத்தக் கொண்டாந்து வேட்டியத் தெரையாக் கட்டி ஓட்டிக் காட்டுனான். கடைசில அவ வந்து நின்னதும் வூடே ஒப்பாரி வெச்சுச்சு. மிஷினத் தொட ஆளில்ல. அப்படியே கழட்டி டப்பாவுல போட்டான்."

அதனால்தான் திருப்பிச் சுற்றவில்லை. அதைச் சுற்ற அன்று அந்த வீட்டில் யாருக்கும் கை வரவில்லை.

அந்த அம்மா என்னைப் பார்த்தார்கள். கோபமில்லை. "மேல்சுத்துதான எண்ணெயில ரொம்ப ஊறியிருந்துச்சுண்ணே? அதான் அழிஞ்சு போச்சா?"

டி.வி.யிலிருந்து பென் டிரைவைப் பிடுங்கினேன்.

"நான் வெச்ச எண்ணெயாலதான?"

தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன். என்ன காரணம் சொன்னாலும் அது காரணமாகாது. ஒரு அசைவு, அவ்வளவுதான். நாற்பது வருஷம் தன் கையால் அம்மாவின் முகத்தைத் தானே அழித்துவிட்டதாக அவர்கள் நம்ப, அது போதுமாக இருந்தது. அழவில்லை. தன் வலது கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். சுருளை இனி எப்படி வைப்பது என்று மட்டும் நான் சொன்னேன். துருப்பிடித்த தகரம் வேண்டாம், பிளாஸ்டிக் டப்பா, வெயிலும் அடுப்புச் சூடும் படாத அலமாரி, விளக்குக்குப் பக்கத்தில் கூடாது, எண்ணெய்க் கையால் தொடக்கூடாது. கடைசி வார்த்தையைச் சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது.

கடைக்கு வந்து மேசைக்கு அடியில் இருந்த டின்னைக் கவிழ்த்தேன். செம்புக் கம்பித் துண்டுகளுக்கு நடுவே சுருண்ட பட்டைகள் கிடந்தன. தப்பிய அந்த விரற்கடை நுனியைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வாசற்படி இருந்தது. நிலை இருந்தது. ஆள் இல்லை. வந்து நின்றுவிட்டு அடுப்படிக்கே திரும்பிப் போயிருக்கிறார்கள்.

ஐப்பசி முழுக்க மழை. போகாமல் இருக்க அது ஒரு சாக்கு. கார்த்திகையில் மழை நின்றது. அந்த நுனியை ஒரு காகித உறையில் போட்டுக்கொண்டு போனேன்.

அவர்கள் வாசலில் முறத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தார்கள். தலைமுடி காய்ந்து செம்பட்டை பாய்ந்திருந்தது. இழவு வீட்டில்தான் பெண்கள் அப்படித் தலையைப் போட்டு வைப்பார்கள். நான் அந்த முடியைப் பார்ப்பதைக் கண்டு அவர்களே சொன்னார்கள், "எண்ணெயத் தொட்டாலே கொமட்டுதுண்ணே. பூவாடைக்காரிக்கு வெளக்குகூட என் மருமவதான் வெக்கிது."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வெளிச்சுற்றை நான் வெட்டியது, சோப்புத் தண்ணீர், தின்னர், டின். எண்ணெயால் போகவில்லை, எண்ணெய்க்கு அடியில் படம் அப்படியே இருந்தது, மற்ற சுற்றெல்லாம் துடைத்ததும் வந்ததே, அதுவும் வந்திருக்கும் என்றேன். என் வாழ்நாளில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

முறத்தைக் கீழே வைத்தார்கள். உறையை வாங்கி, பிரிக்காமல் பிடித்துக்கொண்டார்கள்.

"ரெண்டு மாசமா இந்தக் கைய வெச்சுச் சோத்தப் பெசஞ்சு தின்ன முடியல எனக்கு. நீ தலைய ஆட்டிட்டுப் போயிட்ட."

அதுவரை நீங்க என்றுதான் பேசியிருந்தார்கள்.

"தப்புதாம்மா."

"தொடச்சப்ப கண்ணாடி வெச்சுப் பாத்தல்ல? எங்கம்மா எப்படி இருந்தாங்க?"

"எண்ணெயத்தாம்மா பாத்தேன்."

"கண்ணு முன்னால இருந்துச்சுல்ல. பாத்திருப்ப."

"வந்து... கொஞ்சம்..."

"வேணாம். இப்பச் சொன்னா எம் மொகத்தப் பாத்துட்டு நல்லாருக்குற மாதிரி எதாச்சும் சேத்துச் சொல்லுவ. போயி யோசி. தெரிஞ்சத எழுதிக் குடு. தெரியாதது எழுதாத."

உள்ளே போய்விட்டார்கள். அன்று தண்ணீர் குடிக்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை. நாற்காலியில் இருந்த அத்தை மட்டும் என்னை அடையாளம் தெரியாமல், "யாரு, நெல்லு யாவாரியா?" என்றது.

ஒரு மாதமாக யோசித்தேன். ஒவ்வொரு நாளும் டியூப்லைட்டுக்கு எதிரே வெறும் விரலைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். தெரிந்தது இவ்வளவு.

வாசற்படியில் ஒரு பெண் நின்றார்கள். ஒரு கை நிலையில் இருந்தது. இன்னொரு கை நெற்றிமேல், வெயிலுக்கு மறைப்பாக. அந்தக் கையின் நிழல் கண்மேல் விழுந்திருந்தது. கண்ணை நான் பார்க்கவில்லை. சேலை சிவப்பு அல்லது அரக்கு. முந்தானை இடுப்பில் செருகியிருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது, யாருக்கோ ஏதோ சொல்வதுபோல. சிரிப்பு என்று எழுத ஆசையாக இருக்கிறது. தெரியாது. மூக்குத்தி தெரியாது. உயரம், நிலையில் முக்கால்வாசி. அடுத்தடுத்த கட்டங்களில் நெற்றிக் கை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. கை முழுதும் இறங்கிய கட்டத்தில் முகம் தெரிந்திருக்கும். அந்த இடத்தில்தான் மண்ணெண்ணெய் மினுங்கியது. நான் மினுக்கத்தைப் பார்த்தேன்.

இதற்கு மேல் நான் எழுதினால் பொய்.

பெரம்பலூர்,
மார்கழி நான்காம் தேதி, வெள்ளிக்கிழமை.